அவித்த மண்

என் ஆராய்ச்சிக்காக மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு வெங்காயத் தோட்டத்தில் செம்பாட்டு மண் எடுத்தேன். தோட்டக்காரி ஐம்பதைக் கடந்த ஒரு அக்கா. கணவர் இறந்த பிறகு தனியாகவே பயிர் செய்பவர். மண்ணைக் கொண்டுபோய் என்ன செய்வாய் என்று கேட்டார்.

"முதல்லை அவிப்பன் அக்கா."

"புட்டு அவிக்கிற மாதிரியோ?"

"ஓம். அதிலை இருக்கிற கிருமியள் சாகவேணும். இல்லாட்டி நான் விடுற பூச்சிமருந்தை அதுகள் திண்டுபோடும். மண் எவ்வளவைப் பிடிச்சு வைச்சிருக்குது, எவ்வளவைத் திருப்பி விடுகுதெண்டு பாக்கேலாது."

அவர் சிரிக்கவில்லை. "பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஆய்வுகூடத்தில் அவித்தெடுத்த மண் அதே சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் விட்டபோது மண்வாசனை வரவில்லை. கொதித்து ஆறிய கஞ்சியின் வாடைதான் வந்தது.

மண்ணைக் குப்பிகளில் போட்டு, சிலவற்றுக்குப் பூச்சிமருந்து விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கவென்று சிலவற்றுக்கு வெறும் தண்ணீர். குலுக்கி, மண் அடியில் படிந்ததும் மேல் தண்ணீரைச் சோதித்து, புதுத் தண்ணீர் விட்டு மறுபடியும் குலுக்க வேண்டும்.

மருந்தே விடாத குப்பிகளிலிருந்து மருந்து வந்தது. நான் பயன்படுத்தியது அல்ல, தடைசெய்யப்பட்டு நெடுங்காலமான வேறொன்று. குப்பிகள்தான் அழுக்கென்று எல்லாவற்றையும் கழுவி, அதே தோட்டத்து மண்ணைப் புதிதாக அவித்துத் தொடங்கினேன். திரும்பவும் வந்தது. தண்ணீரை மாற்ற மாற்ற, செத்த மண் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குப்பிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவிடம் போய் அந்த மருந்தின் பெயரைச் சொன்னேன்.

"அது என்ரை மனுசன் அடிச்சது," என்றார். "கலியாணம் முடிச்ச புதுசிலை. பிறகு கடையளிலை வாறேல்லை." தோட்டத்தைக் காட்டினார். "அவர் போனாப் பிறகும் உதுக்குள்ளை கிடக்குதோ?"

"ஓம் அக்கா."

"கிணத்துக்கை?"

அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட, பால் விடாத பிளேன்ரீ என் கையில் இருந்தது. பாதி குடித்துவிட்டிருந்தேன்.

கிணற்று நீரைச் சோதித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதைச் சொன்னால் ஆறுதலடைவார் என்று நினைத்தேன்.

"இப்ப இல்லை. மாரிக்குப் பிறகு?"

மாரி முடிந்தும் சோதித்தேன். அப்போதும் இல்லை. இருந்தாலும் குடிப்பதற்கு மட்டும் அவர் பக்கத்து வளவுக் கிணற்றில் அள்ளுகிறார். அந்த வளவிலும் முன்பு தன் கணவர்தான் தோட்டம் செய்தவர் என்று போனமுறை சொன்னார். சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த குடத்தை மெல்லக் கீழே இறக்கி வைத்தார்.