அழகர்சாமி மறைத்த மாத்திரை

உசிலம்பட்டிப் பக்கத்து அழகர்சாமி, மனைவி இறந்தபின் ஓசூர்ப் பக்கம் சூளகிரிக்கு வந்து ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஆனார். மகள் திருப்பூரில். ஊருக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். சிறுநீர் முட்டும், போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சம். பேத்தி காதுகுத்துக்குக்கூட, டூட்டி என்று பொய் சொன்னார்.

ஒருநாள் அடியோடு அடைத்துக்கொண்டது. வயிற்றைப் பிடித்தபடி ஓசூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போனார். டியூப் போட்டுச் சிறுநீரை வடியவிட்டதும் உயிர் வந்தது.

"ப்ராஸ்டேட் வீங்கியிருக்குதுங்க. அங்க இருக்கற தசை இறுகி வழிய அடைக்குது. இந்த மாத்திரை அந்தத் தசையத் தளர்த்தும், ஆனா வீக்கத்தக் குறைக்காது. சாப்பிட்டப்பறம் போடுங்க. பிரஷர் கொஞ்சம் எறங்கலாம், சடார்னு எந்திரிக்காதீங்க" என்றார் டாக்டர்.

சில நாளில் டியூபை எடுத்தார்கள். சிறுநீர் தானாகப் போனது. ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், லாரிக்குக் கேட் திறக்க வேகமாக எழுந்தவர், கண் இருண்டு சுவரில் சரிந்தார். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அழகர்சாமி மெல்ல எழுந்து கேட்டைத் திறந்தார்.

அடுத்த வருஷம் கண்புரை. ஆபரேஷனுக்கு முன் கண் டாக்டரம்மா கேட்டார்: "வேற மாத்திரை எதாச்சும் சாப்பிடறீங்களா?"

பக்கத்தில் இளம் நர்ஸ். "ஒண்ணுமில்லம்மா" என்றார் அழகர்சாமி.

"இந்த வயசுல நெறையப் பேர் போடுவாங்க, மூத்திரத்துக்கு எதாச்சும்?"

தலை குனிந்தார். "ஆமா."

"நல்லவேளை சொன்னீங்க. அந்த மாத்திரை கண்ணு பாப்பாவச் சுத்தி இருக்கற திரையையும் தளர்த்திரும். ஆபரேஷன்ல தொளதொளன்னு மடங்கி வரும். தெரிஞ்சா அதுக்குத் தக்கபடி பண்ணிக்குவோம்."

"அப்ப நிப்பாட்டிரவா?"

"வேண்டாம். நிறுத்தினாலும் கண்ணுல அது முழுசா மாறாது. மூத்திரந்தான் மறுபடி அடைக்கும்."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. "சொட்டு மருந்து விட வீட்ல யாருங்க?" என்றாள் நர்ஸ்.

"நானேதான்."

அறைக்கு வந்து முயன்றார். மருந்து கன்னத்தில் வழிந்தது. பக்கத்து அறை மாரம்மா, துணி காயப்போட வந்தவள், பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தெலுங்குக்காரி, அதுவரை இருவரும் பேசியதில்லை.

"இங்க சூடண்ணா, இங்க பாரண்ணா, மேல பாரு" என்று அவர் நெற்றியில் கை வைத்தாள்.

யாரோ தன் முகத்தைத் தொட்டு எத்தனை காலமாகிவிட்டது என்று நினைத்தார். மருந்து விட்டதும் அவள் போய்விட்டாள். அவர் அண்ணாந்த தலையை இறக்காமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.