அளவு எழுதாத தகரப்பெட்டி

அந்த வருஷம் எனக்கு இருமல் நிற்கவே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய் இரண்டாம் வருஷம், 1956. புதுச்சேரி மில் ஒன்றில் பஞ்சு அடிக்கும் அறையில் எனக்கு வேலை. தூசியை விட்டு வெளியே வராவிட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியே வர ஒரே வழிதான் இருந்தது. புதுப் பொருளை யோசித்து, வரைந்து, செய்து காட்டும் சாயங்காலப் படிப்புக்கு மில்லில் என்னை அனுப்பியிருந்தார்கள். தேறினால் வரைபட அறையில் வேலை. தவறினால் மறுபடியும் பஞ்சுதான்.

பரீட்சைக்கு நான் வரைந்தது கட்டுமரக்காரர்களுக்கு ஒரு தூண்டில் இரைப்பெட்டி. ஒரு சாண் நீளம்கூட வராது. அடியில் இரண்டு தட்டு. மேல்தட்டில் துளைகள், வடியும் தண்ணீர் கீழ்த்தட்டில் தேங்கும். பதினெட்டு, பத்து, ஆறு என்று எண்களைப் போட்டேன். பிரெஞ்சுக்காரர்களின் மீட்டர் அளவிலேயே வளர்ந்தவன் நான். சென்டிமீட்டர் என்று எழுதவேண்டும் என்றே தோன்றவில்லை. அதைச் செய்த பட்டறை ஆசாரியோ இங்கிலீஷ்காரர்கள் ஆண்ட கடலூர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு எண் என்றால் அங்குலம்.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. இரை என்ன, எங்கள் வீட்டுச் சேவலையே அதில் அடைக்கலாம். திங்கட்கிழமை பரீட்சை. புதிதாகச் செய்யத் தகரமும் இல்லை, நேரமும் இல்லை.

பெட்டியைச் சுமந்துகொண்டு, முகத்துவாரத்தைத் தோணியில் கடந்து, மணலில் வீராம்பட்டினத்துக்கு நடந்தேன். வெயிலில் கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. அம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அழுதேன். தாயே, இந்தப் பெட்டியைச் சின்னதாக்கிக் கொடு என்று கேட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அப்படியே கண் சொருகியது. அலையோரமாக ஒரு பெண் எனக்கு முன்னால் நடந்து போகிறாள். தலையில் ஏதோ சுமை. முகம் தெரியவில்லை. முதுகு மட்டும் தெரிகிறது. வெயில் பட்ட, காய்ந்த முதுகு. எவ்வளவு நடந்தும் நெருங்க முடியவில்லை. விழித்தபோது நிழல்கள் நீண்டிருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பயம் போயிருந்தது.

மறுநாள் காலையில் வீட்டில் பெட்டியைக் காணோம். என் மனைவி செங்கேணி மீன் விற்கிறவள். கூடை கிழிந்துவிட்டதென்று, என்னைக் கேட்காமலே அதில் மீனை அள்ளிப்போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கோபத்தோடு வாசலிலேயே நின்றேன். வெயில் ஏறியபின் வந்தாள். பெட்டியை இறக்கிவைக்கத் திரும்பியபோது அவள் முதுகைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மீன்தண்ணீர் ஒழுகி ஒழுகித் தினமும் நனைந்தே வீடு வரும் முதுகு அது.

"யாருய்யா இதப் பிசகுன்னு சொன்னது? ஒரு சொட்டு எறங்கலயே" என்றாள்.

கனவில் எனக்கு முன்னால் நடந்த முதுகு இதுதான். அங்கேயே அம்மனைக் கும்பிட்டு விழுந்தேன். என்னைத்தான் கும்பிடுகிறேன் என்று நினைத்து அவள் பதறிப்போனாள்.

திங்கட்கிழமை அதே பெட்டியை மீன்காரப் பெண்களுக்கான தலைப்பெட்டி என்று வைத்தேன். நடந்த தப்பையும் மறைக்கவில்லை. பரீட்சை வைக்க வந்தவர் செங்கேணியை வரவழைத்து, ஈர மீனோடு முற்றத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார். பிறகு அவள் முதுகைப் பார்த்தார். நான் தேறினேன்.

ஆறு வருஷமாகிறது. பஞ்சு அறைப் பக்கம் போகவில்லை; இருமலும் விட்டுவிட்டது. இன்று நான் போடும் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அங்குலமா, சென்டிமீட்டரா என்று எழுதிவிடுகிறேன். அம்மனிடம் கேட்கும்போது மட்டும் எழுதுவதில்லை. உங்களுக்கும் ஒரு கஷ்டம் என்றால் அவளிடம் சொல்லுங்கள். அளவை அவளிடமே விட்டுவிடுங்கள்.