ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்கு, நிற்காமல்

ராஜபாளையம் வருகிறோம், காலையில் ஓடிப் பழக நல்ல ரோடு இருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. பஞ்சு மார்க்கெட்டில் கிளம்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி பன்னிரண்டு கிலோமீட்டர். 1994, தை மாதம், என் முதல் மாரத்தானுக்கு நான் பழகியது அந்த ரோட்டில்தான். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது, ஸ்பின்னிங் மில்லில் வேலை, இரண்டு பிள்ளைகள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பொய் எதற்கு, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மில் விளையாட்டு விழாவில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி முதலாவதாக வந்தேன். நடுவராக வந்த ஜெயமேரி, வ. புதுப்பட்டி என்ற ஊர்ப் பெண், ஸ்ரீவில்லிபுத்தூரில் பி.டி. டீச்சர், என்னைவிடப் பத்து வயது சின்னவள். "அக்கா, நீங்க மாரத்தான் ஓடலாம். நான் சொல்லித் தாரேன்" என்றாள். கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் மைதானத்தைச் சுற்றவிட்டாள். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேரடி வரை நிற்காமல் ஓடிவர வேண்டும், அவள் அங்கே ஸ்டாப்வாட்சோடு காத்திருப்பாள். "நின்னுட்டீங்கன்னா மாரத்தானுக்குப் பேர் குடுக்க மாட்டேன்." பெயர் கொடுக்க இன்னும் மூன்று ஞாயிறுகள்தான் இருந்தன.

முதல் ஞாயிறு 5.30க்குக் கிளம்பினேன். மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு பஸ் பிரேக் அடித்து நின்றது. எங்கள் பக்கம் கல்யாணமான பொம்பளை விடியற்காலையில் ரோட்டில் ஓடினால் ஒரே அர்த்தம்தான், வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "யக்கா, யாருக்கு என்ன? ஏறுங்க, டிக்கெட்டெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். நின்று விளக்கினேன். ஏழாவது கிலோமீட்டரில் மொபெட்டில் வந்த பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு, "ஏறு தாயி, ஆசுபத்திரிக்குத்தான?" என்றார். மறுபடி நின்றேன். மடவார்வளாகம் பக்கம் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து முதலில் அழுதுவிட்டு, அப்புறம்தான் யாருக்கு என்று கேட்டார். தேரடி சேரும்போது 7.20. மூன்று முறை நின்றதை நானே ஜெயமேரியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, யாருக்கும் வாயே திறப்பதில்லை என்று முடிவு கட்டித் தலையைக் குனிந்துகொண்டு ஓடினேன். பதில் சொல்லாமல் ஓடினால் பெரிய காரியம் என்றுதானே நினைப்பார்கள்? அதே பஸ் மெதுவாக உருண்டுகொண்டே என் பின்னால் வந்தது. வெட்கத்தில் இன்னும் வேகமாக ஓடி, எட்டாவது கிலோமீட்டரில் மூச்சு முட்டி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். மீதித் தூரம் அந்த பஸ்ஸில்தான் போனேன். அழுதேன். என்ன ஏது என்று தெரியாமலே பக்கத்து சீட்டுக்காரிகள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.

"அம்புட்டுதான் ஜெயமேரி, இந்த ஊர்ல என்னால ஓட முடியாது" என்றேன்.

"கேட்டவங்களுக்கு ஏங்க்கா பதில் சொல்லல?"

"சொன்னா நிக்கணும்லா?"

"எதுக்கு நிக்கணும்? ஓடிக்கிட்டே சொல்லுங்க. மூச்சு வாங்காம ஒரு வரி முழுசா சொல்ல முடிஞ்சா அதான் உங்க வேகம். முடியலன்னா கொறைச்சுக்கோங்க."

மூன்றாவது ஞாயிறு, கடைசி ஞாயிறு. அன்றும் 5.30க்கே கிளம்பினேன். பால்காரர்தான் முதலில் கேட்டார். "யாருக்கும் ஒன்னுமில்லண்ணே, மாரத்தானுக்கு ஓடிப் பழகுதேன்!" முழு வரி வந்துவிட்டது. அடுத்து கேட்டவருக்குச் சொல்லும்போது பாதியில் மூச்சு வாங்கியது, வேகத்தைக் குறைத்தேன். பஸ் பக்கத்தில் வந்தபோது கண்டக்டருக்கும் அதையே சொன்னேன். அவர் உள்ளே திரும்பி, "யாருக்கும் ஒன்னுமில்லையாம்! அவிய ஓடிப் பழகுதாகளாம்!" என்று கத்த, ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு தலை முளைத்தது. களை எடுக்கும் அம்மாள் என்னோடு பத்தடி ஓடியே வந்து, "நல்லா ஓடு தாயி" என்றார்.

தேரடியில் ஜெயமேரி நடுவழியில் நின்றுகொண்டு, "ஐயையோ, யாருக்கு என்னக்கா ஆச்சு?" என்றாள். நான் நிற்கவில்லை. அவளைச் சுற்றி ஓடிக்கொண்டே, "யாருக்கும் ஒன்னும் ஆகல, ராஜபாளையத்துலருந்து நிக்காம ஓடி வந்துருக்கேன்!" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். மணி 7.06. பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து அங்கேயே என் பெயரை எழுதினாள்.

நீங்கள் வருவதானால் 5.30க்கு மேல் தாமதிக்காதீர்கள். இடப்பக்கம் மலை இருந்தாலும் அது மேற்கே, காலையில் நிழலுக்கு ஆகாது; வலப்பக்கம் வெயில் ஏழு மணிக்கே சுள்ளென்று அடிக்கும். நான் ஓடிய நாளில் வழியில் தண்ணீர் கிடைக்காது, கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு பஸ் அடிக்கடி உண்டு. அன்று எனக்கு இரண்டு ரூபாய் ஆனது, அந்தக் கண்டக்டர் வாங்க மாட்டேன் என்றார், வம்படியாகக் கொடுத்தேன்.

மாரத்தானை ஐந்து மணி நாற்பது நிமிடத்தில் முடித்தேன். வெளியூர். நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் ஒருவர்கூட என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாக இருந்தது. அதனால் ஒவ்வொரு கிலோமீட்டர் பலகை வரும்போதும் நானாகவே சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன்: "யாருக்கும் ஒன்னுமில்ல, நான்தான் ஓடுதேன்!"