மீன்தொட்டிக்கு மேலே ஒரு மூட்டை

துறைமுகத்தில் அவருக்கு டன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கிரேன் தூக்கும் சரக்குக்குக் கம்பிக்கயிறு கட்டி, கொக்கி மாட்டி, கையசைத்து மேலே அனுப்புவது அவர் வேலை. அவர் கட்டியது எதுவும் இதுவரை விழுந்ததில்லை. இதை ரொம்ப அடக்கமாகத்தான் சொல்வார். என்ன, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

விழாததற்குக் காரணம் ஒரு பழக்கம். தூக்கப்போகிற பாரத்தைவிடக் கூடுதலான பாரத்தைக் கொக்கியில் முதலில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். தாங்கினால்தான் அதை வேலைக்கு எடுக்கலாம். துறைமுகத்தில் அது சட்டம். டன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டது அவர் மனைவியின் தலையெழுத்து. காலண்டர் மாட்ட ஆணி அடித்தால்கூட, அதில் சுத்தியலைத் தொங்கவிட்டு மறுநாள் வரை காத்திருப்பார். அதற்குள் தேதி மாறிவிடும், அது வேறு விஷயம்.

அவர்களுக்கு ஒரே மகள். வேலை கிடைத்து வெளிநாடு போனபோது தன் மீன்தொட்டியை அம்மா பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் கூப்பிடுவாள். அம்மாவும் மகளும் மீன், செடி, தண்ணீர் என்று பேசித் தீர்ப்பார்கள். போனை வைக்கும் முன் மகள், "அப்பா எப்படி இருக்காங்க?" என்பாள். "இருக்கார்" என்பாள் அம்மா. அப்படி 'இருக்கிறவர்' பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு எழுத்தும் படிக்காமல், போனைத் தன் பக்கம் ஒரு தடவையாவது திருப்ப மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருப்பார். வாய்விட்டுக் கேட்க வராது. எத்தனையோ டன் இரும்பைத் தூக்கியவருக்கு, பெற்ற மகளிடம் எந்தப் பேச்சை எடுப்பது என்று தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் தொட்டியின் பழைய விளக்கு கெட்டுப்போனது.

"இருட்டா இருக்கும்மா, ஒண்ணுமே தெரியல" என்றாள் மகள். அங்கிருந்தபடியே ஒரு புது எல்.இ.டி. விளக்கு வாங்கி அனுப்பினாள். வந்து பார்த்தால், அதன் கிளிப் இந்தத் தொட்டியின் தடிமனான கண்ணாடியில் ஏறவில்லை.

"பரவால்லம்மா, மேலே எப்படியாவது மாட்டிக்கோங்க."

செய்தித்தாள் கீழே இறங்கியது. "நான் மாட்டறேன்" என்றார் டன். அவர் மனசுக்குள் கணக்கு ஓடியது. விளக்கு எரியும். யார் மாட்டினது என்று மகள் கேட்பாள். மனைவி போனைத் திருப்பித்தானே ஆக வேண்டும்!

விளக்கு ஒரு ஜோடி செருப்பின் எடைகூட இருக்காது. மனைவி அதற்கேற்ற யோசனையைச் சொன்னாள். "சுவத்துல ரெண்டு ஷெல்ஃப் பிராக்கெட் அடிச்சு, அதுல கட்டி விட்டுடுங்களேன். சாப்பிடறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"பாரம் நுனில விழும். தப்பு."

கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் பிவிசி பைப்பைச் சூடுகாட்டி வளைத்து, தொட்டி ஸ்டாண்டின் பின்னால் கட்டித் தருவதாகச் சொன்னான். "பிளாஸ்டிக்கா?" என்று டன் கேட்ட கேள்வியிலேயே அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். சலித்துப்போன மனைவி தொட்டியின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, விளக்கை அதன் அடியில் கட்டி ஸ்விட்சைப் போட்டாள். எரிந்தது. மீன்கள் பளபளத்தன. டன் வேலையிலிருந்து வந்ததும் முதல் காரியமாக அதைக் கழற்றினார். "ஈரத்துல பலகை உப்பிடும். ஒரு முறைன்னு இருக்குல்ல?"

முறை என்பது கூரையிலிருந்து தொங்கவிடுவது. கான்கிரீட்டைத் துளைத்து இரண்டு ஆங்கர் போல்ட், அதில் கொக்கி, கொக்கியில் கம்பிக்கயிறு, உயரத்தைக் கூட்டிக் குறைக்க முறுக்காணி. ஒவ்வொன்றையும் தேடி வாங்கி வந்து, தனித்தனியாகச் சோதித்தார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. செடிகள் மஞ்சளாகின.

"இன்னும் மாட்டலையாம்மா?"

"அப்பா மாட்டறார்."

"ஓ" என்றாள் மகள். அந்த 'ஓ' டன் காதில் தெளிவாக விழுந்தது. மகள் மலைத்துப்போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு ஞாயிறு, கூரையைச் சோதிக்கும் நாள் வந்தது. செருப்பு எடை விளக்குக்குச் சோதனை பாரமாக அவர் தேர்ந்தெடுத்தது, அன்று காலை வாங்கி வந்த பிரிக்காத அரிசி மூட்டை.

"மீனை வாளில மாத்திடறேன், இருங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு? நான் கட்டினது என்னிக்காவது விழுந்திருக்கா?"

"ஒரு துணியாவது போட்டு மூடலாமே?"

அவருக்குச் சுருக்கென்றது. துறைமுகத்தில் செய்வதுபோல் இரண்டு கையையும் விரித்து அவளைச் சமையலறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். "தூக்கற சரக்குக்குக் கீழே யாரும் நிக்கக் கூடாது. அதான் முதல் பாடம்."

ஏணியில் ஏறி, மூட்டையைப் படுத்தவாக்கில் இரண்டு கம்பிக்கயிற்றிலும் தொங்கவிட்டார். தொங்கியது. கொக்கி அசையவில்லை. கூரையில் ஒரு கீறல் விழவில்லை. டன் கீழே இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அந்த முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்திருந்தால் உங்களுக்கே அவர்மேல் பிரியம் வந்திருக்கும்.

அப்போது மூட்டையின் வாயைத் தைத்திருந்த நூல் பிரிய ஆரம்பித்தது. சரசரவென்று அரிசி தொட்டிக்குள் இறங்கியது. மழை என்று மீன்கள் நினைத்திருக்கலாம். டன் ஓடிப்போய்க் கையை ஏந்தினார். ஏந்திய கையையும் நிரப்பிவிட்டு மிச்சம் உள்ளே போனது. கடைசி மணி விழுந்து அடங்கியதும் அவர் மேலே பார்த்தார்.

"கட்டு அவிழல, பாத்தியா?"

மனைவி அவரையே பார்த்தாள். "கீழே யாரும் நிக்கக் கூடாதுன்னீங்களே. அப்ப இதுங்கல்லாம் யாரு?"

டீ வடிகட்டியால் மீன்களை அரித்து அரித்து வாளியில் விட்டாள். நல்லவேளை, எல்லாம் உயிரோடு இருந்தன. தொட்டித் தண்ணீர் கழுநீராகிவிட்டது. செடிகள் அரிசிக்கு அடியில். மகள் வைத்த செடிகள். டன் முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

மனைவி எடுத்தாள். போனைப் பிடித்து வரிசையாகக் காட்டினாள்: தொட்டி, வாளி, கூரையில் ஆடும் காலிச் சாக்கு, ஈரக்கையோடு அவர். மகள் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பாகிட்ட குடும்மா."

டன் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். எத்தனை வாரமாகக் காத்திருந்த நிமிஷம்! கொக்கியின் தாங்குதிறனிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தார்.

"அப்பா, நான் சின்னப் பிள்ளைல ஊஞ்சல் கேட்டேனே, ஞாபகம் இருக்கா?" மகள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "டெஸ்ட் பண்ணிட்டு மாட்டறேன்னு சொன்னீங்க."

ஞாபகம் இருந்தது. கயிறு வாங்கினார், சோதித்தார். பலகை வாங்கினார், சோதித்தார். கூரையைச் சோதிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பொறுப்பான பிள்ளை, பாதுகாப்பு என்றால் என்னவென்று புரிந்துகொண்டாள் என்று அவர் அப்போது பெருமைப்பட்டிருந்தார். இப்போது தன்னிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தார்.

"கொக்கி இப்ப ரெடிம்மா" என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"சரிப்பா" என்றாள் மகள். "அம்மாகிட்ட குடுங்க."