வெள்ளெலிக்கு விட்ட வரப்பு

அண்ணா, நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன்னை நினைத்தால் அழுகை வருவதற்கு முன்னால், கடலைக்காட்டில் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு குதித்ததுதான் வருகிறது.

அந்த வருஷம் நாமகிரிப்பேட்டைப் பக்கம் காட்டுக்குக் காடு ரிக் வண்டி வந்து போர்க்கிணறு போட்டது. தண்ணீர் பாய்ந்த ஈரத்தில் வரப்பெலி பெருகிவிட்டது. வளை வாயில் மண்ணைக் குவித்து அடைத்துக்கொண்டு, கடலையை உள்ளே இழுத்துச் சேர்க்கும். அதற்குப் பங்காளிதான் வெள்ளெலி. வயிறு வெள்ளை, வால் நுனியில் குஞ்சம். அதற்குக் காய்ந்த மண் வேண்டும். நம் மேட்டு வரப்பில் மட்டும் ஒரு குடும்பம் மிஞ்சியிருந்தது.

அப்பா எலிமருந்து வாங்கிவந்தார்.

"வெள்ளெலிய உட்டுருங்கப்பா. சுத்துவட்டாரத்துல இது ஒண்ணுதான் இருக்குது" என்றாய்.

"எலியில என்னடா நல்ல எலி? உன்னையாட்டத் தின்னுட்டுத் தூங்கறதுதான?"

அன்று சாயங்காலம் அப்பா எல்லா வளையையும் மண் போட்டு மூடினார். காலையில் எது திறந்திருக்கிறதோ, எதில் புதுமண் வந்திருக்கிறதோ, அதில் எலி இருக்கிறதென்று அர்த்தம்; அதில்தான் மருந்து. எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். விடியும்போதே நீ என்னை இழுத்துக்கொண்டு ஓடினாய். மேட்டு வரப்பில் நான்கு வாயும் திறந்திருந்தன. நாம் மறுபடி மூடி, மேலே செத்தையைத் தூவிவிட்டோம்.

அப்பா வந்து பார்த்தார். "இங்க ஒண்ணையுங் காணமே?"

"ஆமாங்கப்பா, காலி ஊடு."

ஒன்றை மறந்துவிட்டோம். தப்பி ஓடுவதற்கென்று வெள்ளெலி ஒரு வழியை வைத்து, மேலே மெல்லிசாக மண்ணை விட்டிருக்கும். அப்பா நின்றது அதன் பக்கத்தில். மண்ணைப் பொத்துக்கொண்டு துள்ளிய வெள்ளெலி அவர் காலிடுக்கில் பாய்ந்தது. "அய்யோ சாமி!" என்று வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வரப்பு முழுக்கக் குதித்தார்.

"காலி ஊடாடா இது?"

"விருந்தாடி வந்திருக்குமுங்கப்பா."

அப்பா சிரித்தேவிட்டார். மருந்து டப்பாவை மூடினார். "போவட்டும் உடு. இந்த வரப்பு அதுகளுக்கு."

இப்போது காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. போன வாரம் அப்பா மறுபடி மருந்து வைக்கப் போனார். கூடப் போன நான் மேட்டு வரப்பைக் காட்டி, அங்கேயும் வைப்பதா என்று கேட்டேன். "அது அவம் பேசி வாங்குனது சாமி, அங்க வேண்டாம்" என்றவர், காட்டிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

இதைப் படிக்கிறவர்களே, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, என் அண்ணன் போன இடத்தில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.