கண்ணாடியில் எண்ணிய பதினான்கு

எங்கள் சமுதாயக் கல்லூரியின் ஆண்டுமலரில் நிறுவனருக்குப் படம் உண்டு, கூரை போட்டுக் கொடுத்தவருக்கும் உண்டு. கல்லூரியைக் காப்பாற்றியவருக்கு மட்டும் இல்லை. அவர் பேருந்து ஓட்டுநர். மாடு வந்தாலும் மரநிழல் விழுந்தாலும் ஒரே மிதியாக மிதிப்பதால் ஊரே அவரை ‘பிரேக்’ என்றது. எட்டாம் வகுப்பு தேறிய கையோடு பள்ளி மதிலேறிக் குதித்த மனிதர் கல்லூரியில் வேலை கிடைத்ததும், “உள்ள போகாம வாசல்லயே நிக்கிற வேலை, எனக்குன்னே செஞ்சது” என்றார்.

கல்லூரி என்று நாங்கள் கம்பீரமாகச் சொன்னது ஒரு பழைய தானியக் கிடங்கை. மூன்றாம் ஆண்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் எலக்ட்ரீசியன் படிப்பில் நாற்பது பேர் சேராவிட்டால் கல்லூரிக்குப் பூட்டு. சேர்ந்திருந்தவர்கள் இருபத்தாறு பேர். அதில் ஒருத்தி பிரேக்கின் மகள். இதை விட்டால் அடுத்த கல்லூரி மூன்று மணி நேரப் பயணம். அவள் படிப்பு அதோடு சரி.

கடைசி நாள் காலை பிரேக் யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஆள் பிடித்தார்.

“ஏம்மா, வீட்ல சும்மாதான இருக்க? ஏறு, ஃபேன் மாட்டக் கத்துக்கலாம்.”

“சும்மாவா? மூணு மாடு, ஒரு புருஷன்!”

“அப்ப கரன்ட் உனக்கு ஒரு ஆபத்தே இல்ல. ஏறு!”

அந்த அம்மாள் ஏறிவிட்டார்.

நாலு நாற்பதுக்கு ஹாரன் அலற வண்டி உள்ளே வந்தது. “பதினாலு சார், முழுசா பதினாலு!” என்று ஜன்னல் வழியே கத்தினார். கல்லூரி முதல்வர் கேட் கம்பியையே கட்டிக்கொண்டார். எழுத்தர் பறந்து பறந்து விண்ணப்பங்களை நிரப்பினார். நிரப்பி முடித்தால் பதின்மூன்று. சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடினார்கள்.

“அண்ணே, யாரையாவது வழியில விட்டுட்டீங்களா?” என்று கேட்டார் எழுத்தர்.

“தினமும் எண்றாப்லதான் கண்ணாடில பாத்து எண்ணுனேன்.”

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “அப்பா, உங்களையும் சேத்தா எண்ணுனீங்க?”

“வண்டில இருக்கறவன எண்ண வேணாமா?”

மணி நாலு ஐம்பத்து மூன்று. மகள் ஒரு வெற்று விண்ணப்பத்தை எடுத்தாள்.

“எட்டு பாஸ்தான நீங்க?”

“அது லைசென்ஸ் வாங்கறதுக்கு!”

“இதுக்கும் அது போதும். வயசும் கேக்க மாட்டாங்க. சர்டிபிகேட் வண்டிப் பெட்டிலதான?” என்று கேட்டுக்கொண்டே ஓடினாள்.

பிரேக் மதிலைப் பார்த்தார். இடுப்பளவுதான். ஆனால் இந்த முறை கால் எழவில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். ஐந்தடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் முத்திரை விழுந்தது. எல்லோரும் போட்ட கூச்சலில் கிடங்குக் கூரை அதிர்ந்து புறாக்கள் வெளியேறின. “என் பெஞ்ச்ல மட்டும் உக்காராதீங்க” என்றாள் மகள், சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும்.

முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் தலைகளை எண்ணினார். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினார். அதே முப்பத்தொன்பது. வண்டிச் சாவியைச் சுழற்றியபடி வழக்கம்போல வாசலில் நின்றிருந்தவர் தொண்டையைச் செருமினார்.

“என்னையும் சேத்து எண்ணுங்க சார்” என்று சொல்லிவிட்டு பிரேக் உள்ளே வந்தார்.