அத்தையின் பச்சை அரிசி

நாங்கள் லிங்கராஜபுரத்தில் இருந்தபோது அத்தையின் கட்டிலுக்கு அடியில் அரிசி பச்சையாகிக்கொண்டிருந்தது. சமைக்கிற பச்சரிசி அல்ல. வேகவைத்து, பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, பூஞ்சை கலந்து, பாசி நிறத்துக்கு வளர்த்த அரிசி. அப்பாவின் தங்கை, பயிரைத் தின்னும் பூச்சிகளுக்கு எதிராகப் பூஞ்சை வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தாள். மழையில் ஆய்வகத்தின் கூரை ஒழுகவே, சில பைகளை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். மண்டியாவில் ஒரு விவசாயியின் தோட்டத்தில் வெள்ளைப்புழு வேரைத் தின்று கரும்பு தூர் தூராகச் சாய்ந்துகொண்டிருந்தது. இந்த அரிசியை எருவோடு கலந்து அங்கே போட வேண்டும்.

"இது புழுவுக்கு வர்ற காய்ச்சல் கண்ணு. அது மேல ஒட்டிக்கிட்டு முளைச்சு, உள்ள பூந்துடும். நம்மள ஒண்ணும் பண்ணாது" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அப்பாவிடமும் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா கொண்டு வந்த ஒரு வரனை அத்தை வேண்டாம் என்றதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. "பூசணத்தையே கட்டிக்கச் சொல்லு" என்று அம்மா அன்றைக்கே சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். காலையிலேயே அம்மா வீட்டைப் புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்தாள். நான் எழுந்து பார்த்தபோது கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை.

"அம்மா, அத்தையோட பை?"

"கெட்டுப்போன அரிசியா? குப்பை அள்ற கசா வண்டில போட்டுட்டேன்."

"ஐயோ, அது கரும்புக்கு!" என்று தெரிந்தவரை விளக்கினேன். அம்மாவின் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். வண்டி போய்விட்டிருந்தது. ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் அம்மா கண்ணை மூடி ஜெபித்தாள். பூஞ்சைக்காக யாராவது ஆண்டவரிடம் மன்றாடி நான் பார்த்தது அப்போதுதான்.

மெயின் ரோட்டில் பெரிய லாரிக்குக் குப்பையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டியில் இருந்த பெண், தங்கம் ஏதாவது விழுந்துவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டாள். அரிசி என்று அம்மா சொன்னதும் அவள் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனாலும் கூடவே குனிந்து தேடினாள். வாழைப்பழத் தோலுக்கும் மீன் செதிலுக்கும் நடுவே ஒவ்வொன்றாகப் பைகள் கிடைத்தன. ஒன்று மட்டும் கிழிந்து கொட்டிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து பைகளைத் துடைத்து, இருந்த இடத்திலேயே அடுக்கினாள் அம்மா. அத்தை வந்ததும் குனிந்து பார்த்தாள். மீன் வாடையில் மூக்கைச் சுளித்தாள். அம்மா ஈரக்கையோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணு கிழிஞ்சிடுச்சு" என்றாள் அம்மா. அத்தை அவளை நெடுநேரம் பார்த்தாள்.

அந்தப் பைகள் மண்டியாவுக்குப் போயின. மழைக்காலம் முடிவதற்குள், விறைத்துப்போய் உடம்பெல்லாம் பச்சைப் பொடி பூத்த ஒரு புழுவை அத்தை பாட்டிலில் கொண்டு வந்தாள். "எங்க வீட்டு அரிசி செஞ்ச வேலை" என்று அம்மா அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டினாள். அதெல்லாம் பிறகு.

அன்று மாலை ஜெபம் முடிந்ததும், தங்கையின் பெருமையைச் சபைப் போதகரான ஐயருக்குக் காட்ட அப்பா பைகளை இழுத்து வைத்தார். எண்ணிவிட்டு, "ஒண்ணு குறையுதே?" என்றார். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். அம்மா தலை குனிந்தாள்.

"நான்தாண்ணா. கை தவறிக் கீழ போட்டுக் கிழிச்சிட்டேன்" என்றாள் அத்தை.

வேதப் புத்தகத்தை மூடிக்கூட வைக்காத அறையில், ஐயர் முன்னால், பச்சைப் பொய்! இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா ஒரு போண்டாவை என் வாயில் திணித்தாள். பிறகு தட்டில் மீதியிருந்த அத்தனை போண்டாவையும் அத்தைக்கே வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி அடுக்களைக்குள் போனாள். அத்தையும் தட்டோடு பின்னாலேயே போனாள்.

நான் மென்றபடி உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு பள்ளியில் பொய்க்குச் சொல்லித் தந்த தண்டனை வேறு. எங்கள் வீட்டில் கிடைத்தது போண்டா. டீச்சருக்கு விஷயம் முழுதாகத் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.